முதல் பள்ளத்திலேயே விழுந்த அத்தை

தைப்பூசம் முடிந்த மறுநாள். பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறி இறங்கிய கால்வலி இன்னும் போகவில்லை. பாயான் பாருவில் அண்ணன் வீட்டு வரவேற்பறையில் பாயை விரித்துப் படுத்துக் கிடந்தேன். படிவம் மூன்று படிக்கும் அண்ணன் மகன் தொலைக்காட்சியில் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தான். 1985-இல் வந்த அதே பழைய மாரியோதான். நின்டெண்டோ ஸ்விட்ச்சில் சந்தா கட்டினால் பழைய விளையாட்டுகளும் கிடைக்குமாம்.

மாரியோ பள்ளத்தில் விழுந்தான். பையன் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினான். மாரியோ பின்னோக்கி மேலே எழுந்து வந்து, குதிப்பதற்கு முன்பு நின்ற இடத்தில் நின்றான். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"டேய், இது என்னடா அநியாயம்?"

அப்புறம் என் சொற்பொழிவு. எங்கள் காலத்தில் விழுந்தால் விழுந்ததுதான், உயிர் தீர்ந்தால் முதலிலிருந்து ஆட வேண்டும், உங்களுக்கெல்லாம் பொறுமையே கிடையாது. நாற்பதைத் தாண்டிய எல்லாருக்கும் இந்த உரை மனப்பாடம். என் பழைய பள்ளித் தோழிகளின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் மாதம் ஒருமுறையாவது யாராவது இதைப் பாடுவார்கள். பேசிய வேகத்தில் கன்ட்ரோலரைப் பிடுங்கினேன். முதல் கட்டம், முதல் பள்ளம். விழுந்தேன். மறுபடியும் விழுந்தேன். மூன்றாவது முறையும்.

"லேட்டா குதிக்கிறீங்க, அத்தை."

வயசாகிவிட்டது என்று அண்ணி சிரித்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பையன் விடவில்லை. இரவெல்லாம் எதையோ தேடிப் படித்துவிட்டு, மறுநாள் பசியாறும்போது காரணத்தோடு வந்தான்.

ஜப்பானில் தொலைக்காட்சி நொடிக்கு 60 முறை படம் காட்டும். மலேசியாவில் இருந்தது பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை, நொடிக்கு 50. மாரியோவை ஜப்பானின் 60-க்குக் கணக்குப் போட்டுச் செய்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் இவ்வளவு தூரம் என்று நகரும் விளையாட்டை அப்படியே 50-இல் ஓட விட்டால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்துவிடும். எங்கள் வீட்டில் இருந்தது அப்படி 50-இல் ஓடும் விளையாட்டுப் பெட்டி. அசல் நின்டெண்டோ இல்லை, போலி. எங்கள் தெருவில் இப்படிப்பட்ட பெட்டி எல்லாவற்றையும் மைக்ரோ ஜீனியஸ் என்றுதான் சொல்வோம். எங்கள் பெட்டியின் மேல் எழுதியிருந்த பெயர் வேறு. பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் அப்பா பேரம் பேசி வாங்கியது. ஆக, என் விரல்கள் முப்பது வருடமாக நினைவில் வைத்திருந்தது மெதுவான மாரியோவை.

எனக்குச் சுருக்கென்றது. 'அசலை மதிக்கத் தெரியாத தலைமுறை' என்று இவனைத் திட்டிய நான் அசலை ஒரு நாளும் ஆடியதில்லை.

யோசித்தால் எல்லாமே அப்படித்தான். காண்ட்ரா என்ற சுடும் விளையாட்டில் 30 உயிர் வேண்டுமென்றால் பொத்தான்களை ஒரு வரிசையில் அழுத்த வேண்டும் என்பது உலகறிந்த ரகசியம். எனக்கு அது கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரியும். தெரிந்துகொள்ளத் தேவை இருக்கவில்லை. எங்களிடம் இருந்த கேசட்டில் பட்டியலைத் திறந்தாலே '30 உயிர்' என்று தனியாக ஒரு வரி இருக்கும். கேசட்டின் மேல் 999 விளையாட்டு என்று போட்டிருக்கும். உள்ளே பத்துப் பதினைந்துதான் திரும்பத் திரும்ப வரும். பின்னோக்கி ஓட்டுவது ஏமாற்று வேலை என்றால் இதற்கு என்ன பெயர்?

இன்னொன்றையும் அவன்தான் சொன்னான். மாரியோவில் உயிரெல்லாம் தீர்ந்த பிறகு, ஏ பொத்தானைப் பிடித்துக்கொண்டே ஸ்டார்ட்டை அழுத்தினால், தோற்ற உலகத்திலிருந்தே தொடங்கலாம். அந்த 1985 விளையாட்டிலேயே இருக்கிற வசதி! எத்தனை பள்ளி விடுமுறைகளில் ஒன்றாம் உலகத்திலிருந்து மீண்டும் மீண்டும் ஆடியிருப்போம். பொறுமை என்று நாங்கள் மார்தட்டியதில் பாதி, விவரம் தெரியாமை. மீதிப் பாதி, வேறு விளையாட்டு வாங்க அப்பாவிடம் பணம் இல்லை. கொம்தார் கட்டடத்துக்குப் போய், அங்கிருந்த விளையாட்டு இயந்திரங்களில் காசு போட்டு ஆட அண்ணனுக்கு அனுமதி உண்டு. பெண் பிள்ளை அங்கே நின்றால் சாயங்காலத்துக்குள் அப்பா காதுக்குப் போய்விடும். எனக்கு இருந்தது அந்த ஒரு பெட்டிதான்.

பொறுமை இல்லை என்ற குற்றச்சாட்டும் நிற்கவில்லை. நின்டெண்டோவின் 1989 டெட்ரிஸ் நினைவிருக்கிறதா? 29-ஆம் நிலையில் கட்டைகள் விழும் வேகத்துக்கு மனிதக் கை ஈடுகொடுக்காது, ஆட்டம் அங்கேயே முடிந்தது என்று நம் தலைமுறை பல வருடம் நம்பியது. பிறகு வந்த பிள்ளைகள் கன்ட்ரோலரின் பின்பக்கத்தை மிருதங்கக்காரர் போல விரல் விரலாகத் தட்டி ஆடும் முறையைக் கண்டுபிடித்தார்கள். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுப் பையன் ஒருவன் 157-ஆம் நிலைவரை போனான். ஆட்டமே உறைந்து நின்றுவிட்டது. அவன் பிறப்பதற்கு இருபது வருடம் முன்பு வந்த விளையாட்டு அது.

சரி, ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மாரியோவின் எட்டாம் உலகத்தில் கடைசி உயிரோடு நிற்கும்போது உள்ளங்கை வியர்க்குமே, அது பின்னோக்கி ஓட்டுகிறவனுக்குக் கிடைக்காது. பையனிடம் சொன்னேன். "அந்தப் பயம் வேணும்னா நான் வேற கேம் ஆடுவேன், அத்தை. இதை எப்படிச் செஞ்சாங்கன்னு பார்க்கிறேன்" என்றான். முழு விளையாட்டும் 40 கிலோபைட்டுதானாம். காலையில் புலனத்தில் வரும் வணக்கப் படங்கள் அதைவிடப் பெரியவை. இடம் போதாமல், மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தை நிறம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். வருடக்கணக்கில் அந்தத் திரையை வெறித்துப் பார்த்த எனக்கு அது ஒருநாளும் கண்ணில் படவில்லை. நான் பள்ளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோலாலம்பூருக்குத் திரும்பும் நாளன்று மடிக்கணினியைக் கொண்டுவந்து வைத்தான். பழைய விளையாட்டுகளை ஓட்டும் மென்பொருளில் போலிப் பெட்டிகளுக்கென்றே 'டெண்டி' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. ரஷ்யாவில் விற்ற ஒரு போலிப் பெட்டியின் பெயராம். அதை வைத்து, "இப்ப ஆடுங்க" என்றான்.

முதல் பள்ளத்தைத் தாண்டினேன். இரண்டாவதையும். கொடிக்கம்பத்தின் உச்சியைப் பிடித்தேன். பையன் கொட்டாவி விட்டான். "பாட்டு ஏன் அத்தை இப்படி இழுக்குது? இதையா வருஷக்கணக்கா கேட்டீங்க?"

மூன்றாம் உலகம்வரை போய்விட்டேன். பேருந்துக்கு நேரமாகிறது என்று அண்ணி இரண்டு முறை கூப்பிட்டார். அண்ணன் எப்போது வந்து பக்கத்தில் உட்கார்ந்தார் என்று தெரியவில்லை. என் ஓர் உயிர் போனதும், ஒரு வார்த்தை பேசாமல் கன்ட்ரோலருக்குக் கையை நீட்டினார்.