சொன்னா கேளு, மக்களே

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து வெளியே வரும்போது எங்கள் பக்கத்தில் எல்லார் கையிலும் ஒரு வாக்குத்தத்த அட்டை இருக்கும். "உனக்கு என்ன வசனம் கிடைச்சுது?" என்பதுதான் புது வருடத்தின் முதல் பேச்சு. எனக்கும் பிடித்த வழக்கம்தான். போன வாரம் பைபிளுக்குள் இருந்த பழைய அட்டைகளை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். உயர்த்துவேன், பெருகப்பண்ணுவேன், உன்னைக் கைவிடமாட்டேன். எல்லாமே கர்த்தர் நமக்குச் செய்யப்போவது. நாம் செய்யவேண்டியது ஒன்றில்கூட இல்லை. "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து" என்பதும் அதே வேதத்தில் உள்ள வசனம்தானே? அதை அட்டையில் அச்சடித்து நான் பார்த்ததில்லை.

இது எனக்கு ஏன் உறைத்தது என்று சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் குவைத்தில் ஒரு வேலை வந்தது. போகலாமா வேண்டாமா என்று கர்த்தர் தெளிவாகச் சொல்லட்டும் என்று மூன்று நாள் உபவாசம் இருந்தேன். விடியற்காலம் நாலு மணிக்கு எழும்புவேன். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களின் டார்ச் வெளிச்சம் விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள், அங்குமிங்கும் அசைவதைத் தவிர ஊரில் வேறு அசைவு இருக்காது. அந்த அமைதியில் முழங்காலில் நின்றால், குவைத் பற்றி ஒன்றுமே வரவில்லை. என் அண்ணன் முகம் வந்தது. அப்பா விட்டுப்போன விளையில் பாதை விடுவது பற்றிய சண்டை அது. இரண்டு வீடு தள்ளி இருக்கிறான், நாலு வருடமாகப் பேச்சில்லை. ஒரே சபை, ஒரே ஆராதனை, அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஜெபத்தில் மனது அலைகிறது, சாத்தான் கவனத்தைத் திருப்புகிறான் என்று நினைத்து அந்த முகத்தைத் துரத்தினேன். மூன்று நாளும் துரத்தினேன்.

நாலாம் நாள் பெரியம்மையிடம் போய், கர்த்தர் ஒன்றுமே பேசவில்லை என்று சொன்னேன். வயது எண்பதைத் தாண்டியவர். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அண்ணனுக்க முகம் வந்தா அதை எதுக்கு மக்களே வெரட்டுக? அதுதான் பதில். நீ வேற கேள்வியக் கேட்டுட்டு இருக்கே."

பைபிளில் ஆலயத்தில் வளர்ந்த சிறுவன் சாமுவேலின் கதையை ஞாயிறு பள்ளியிலிருந்தே கேட்டிருக்கிறேன். அன்றுதான் அது புரிந்தது. கர்த்தர் கூப்பிட்ட முதல் மூன்று தடவையும் அவன் ஆசாரியன் ஏலியிடம்தான் ஓடுகிறான். சத்தம் தெளிவாகக் கேட்டது. யாருடைய சத்தம் என்றுதான் தெரியவில்லை. அதைச் சொல்லிக்கொடுத்தது கண் மங்கிப்போன, தன் பிள்ளைகளையே திருத்தமுடியாத அந்த ஏலி. "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்பதோடு நாம் அந்தக் கதையை முடித்துவிடுகிறோம். அதற்குப் பிறகு சாமுவேல் கேட்ட முதல் செய்தி என்ன? ஏலியின் குடும்பத்தின் மேல் வரப்போகும் நியாயத்தீர்ப்பு. பையன் விடியும்வரை படுத்திருந்து, எழுந்து ஆலயத்தின் கதவுகளைத் திறக்கிறான், சொல்லப் பயப்படுகிறான். நம் அட்டைகளில் வரும் வகைச் செய்தி இல்லை அது.

தமிழில் 'கேள்' என்ற சொல்லைப் பாருங்கள். அம்மை "சொன்னா கேளு" என்றால் காதைத் தீட்டிக்கொள் என்றா அர்த்தம்? செய் என்று அர்த்தம். செய்யாத பிள்ளையைத்தான் 'சொன்ன பேச்சு கேக்காதவன்' என்கிறோம், அவனுக்குக் காது நன்றாகவே கேட்கும். நானும் அப்படித்தான் இருந்தேன். ஏற்கெனவே சொல்லப்பட்டதை வைத்துக்கொண்டு புதிதாக ஒன்று சொல்லும் என்று உபவாசம் இருந்தேன்.

இன்னொன்று. கர்த்தருடைய சத்தம் பெரும்பாலும் ஒரு மனிதர் வாயிலாகத்தான் வருகிறது என்று நம்புகிறேன். நம் குமரி மாவட்டத்திலேயே நட்டாலத்து நீலகண்ட பிள்ளை இருக்கிறார். மாடுகள் செத்து, பயிர் அழிந்து மனம் உடைந்திருந்த நேரத்தில் அவருக்கு, எல்லாம் இழந்தும் விசுவாசத்தை விடாத யோபுவின் கதையைச் சொன்னவர் டிலனாய். 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூரிடம் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுக் கம்பெனிப் படைத்தலைவர். பகைவனாக வந்த ஒரு கைதி சொன்ன கதை. அதைக் கேட்டு 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார், 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் அவரைப் புனிதராக அறிவித்தபோது கத்தோலிக்கர் மட்டுமில்லை, சிஎஸ்ஐ என்ற புராட்டஸ்டண்ட் சபைக்காரனான நானும் பெருமைப்பட்டேன். டிலனாய் பேசும்போது 'இது யாருடைய சத்தம்' என்று அவருக்கு விளங்கியதே, அதுதான் எனக்குப் பெரிய அற்புதமாகத் தெரிகிறது.

ஆனால் மனிதர் வாயிலாக வருகிறது என்றவுடன் ஒரு ஆபத்தும் கூடவே வருகிறது. "கர்த்தர் எனக்குச் சொன்னார்" என்ற வார்த்தையை வைத்து ஒரு பெண்ணைப் பிடிக்காத சம்பந்தத்துக்குச் சம்மதிக்கவைத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எனக்கு வேண்டிய ஒருவரிடம் ஒரு ஜெபக்கூட்டத்தில் சுகர் மாத்திரையை விடச் சொன்னார்கள், விட்டார், காலை இழந்தார். 1838-லேயே நெய்யூரில் மிஷன் மருத்துவம் தொடங்கிய மண் இது. இந்த மண்ணில் நின்றுகொண்டு மருந்தை அவிசுவாசம் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது? எனக்குக் கோபம் அடங்கவில்லை. அப்படிச் சொன்னவர்களுக்கு அந்தத் தீர்க்கதரிசனத்தால் ஒரு பைசா செலவில்லை, ஒரு நாள் தூக்கம் போகவில்லை. பெரியம்மை சொன்னதை நான் எப்படி நம்பினேன் என்று கேட்டால், அது வேதத்தில் ஏற்கெனவே எழுதியிருக்கிறது, அதைச் செய்தால் செலவு எனக்கு, அவருக்கு அதில் எந்த லாபமும் இல்லை.

சரி, என்ன நடந்தது என்று சொல்லவேண்டும். உடனே போகவில்லை. இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். அப்புறம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் வீட்டுப் படியில் போய் நின்றேன். "வந்தியா, இரி" என்றான். அண்ணி கட்டன் சாயா கொண்டுவந்தாள். மழையைப் பற்றி, பால் விலையைப் பற்றிப் பேசினோம். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, அழவில்லை. மறுநாள் காணிக்கைப் பை என் முன்னால் வந்தபோது கை லேசாக இருந்தது.

குவைத்துக்கு நான் போகவில்லை. கடனையும் பிள்ளைகள் படிப்பையும் கணக்குப் பார்த்து நானும் மனைவியும் சேர்ந்து எடுத்த முடிவு அது. அதைப்பற்றிக் கர்த்தரிடமிருந்து எனக்கு இன்றுவரை ஒரு வார்த்தையும் வரவில்லை, வந்ததாகச் சொல்லவும் மாட்டேன்.

பாதை விஷயம் இன்னும் தீரவில்லை. அடுத்த மாதம் சர்வேயர் அளக்க வருகிறார். மனுவில் அண்ணனும் நானும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.