சொந்த வளவுதான், ஆனால் கேட்டுவிட்டு இடியுங்கள்

இங்கே இங்கிலாந்தில் எங்களுக்குப் பழகிய தமிழ்க் குடும்பம் ஒன்று தங்கள் வீட்டின் பழைய கல் மதிலை அனுமதி கேட்காமல் இடித்துவிட்டது. யாரோ கவுன்சிலுக்கு எழுதிவிட்டார்கள், அது நான்தான் என்கிறார்கள். அந்த மதில் விஷயத்தில் வாய் திறப்பதில்லை என்றுதான் இருந்தேன். நேற்று இரவு வரை வந்து விழுந்த கொமெண்டுகளைப் பார்த்த பிறகு, பேசாமல் இருந்தால் அங்கே எழுதியிருப்பதெல்லாம் உண்மை என்றாகிவிடும் போலிருக்கிறது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: கவுன்சிலுக்கு எழுதியது நான் இல்லை. யார் எழுதினார்கள் என்றும் தெரியாது. பட்டப்பகலில், பிரதான வீதி ஓரத்தில், ஸ்கிப்பை (இடிபாடு அள்ளுகிற பெரிய இரும்புத் தொட்டி) கொண்டுவந்து நிறுத்தி இடித்த மதிலைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கத் தனியாக ஒரு துரோகி தேவையில்லை. பழகிய வீட்டுக்காரர்கள் அவர்கள். இரண்டு தைப்பொங்கலுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். அவர்களைப் போய் நான் காட்டிக்கொடுப்பேன் என்று எப்படி எழுத முடிந்தது?

ஆனால் அந்த மதிலை இடித்தது பிழை. சொந்தக் காணி என்றாலும் பிழை.

"காசு கொடுத்து வாங்கின வளவு, எங்கட மதில், இடிக்க எவனைக் கேட்க வேணும்?" என்ற வரிக்குத்தான் எத்தனை லைக்! சரி, யாரைக் கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். அந்த வீடு கிரேட் டூ லிஸ்டட், அதாவது பழம்பெறுமதிக்காகப் பட்டியலில் ஏற்றிச் சட்டம் பாதுகாக்கிற கட்டடம். வாங்கும்போதே சொலிசிட்டர் எழுத்தில் தருகிற விஷயம் இது. லிஸ்டில் வீட்டின் பெயர் மட்டும் இருக்கலாம். ஆனால் இங்கிலாந்தின் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதே வளவுக்குள் 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே நிற்கிற மதிலும் கொட்டிலும் வீட்டோடு சேர்ந்தவைதான். அந்த மதிலை இடிக்க லிஸ்டட் பில்டிங் கன்சென்ட் என்கிற தனி அனுமதி எடுக்க வேண்டும். எடுக்காமல் இடித்தால் அது குற்றம், இரண்டு வருடம் வரை சிறைக்கு இடமுண்டு. சாதாரண பிளானிங் (கட்டட அனுமதி) மீறல் என்றால் பொதுவாக ஒரு காலம் கடந்த பின் கவுன்சில் கை வைக்க முடியாது. இதற்கு அந்தக் காலக்கெடுவே கிடையாது. வீட்டை விற்றாலும் வாங்குகிறவன் தலையில் போய் விழும்.

அந்தக் கன்சென்ட் விண்ணப்பத்துக்குக் கட்டணமும் கிடையாது. ஒரு பென்ஸ் கூட இல்லை. கேட்டிருக்கலாம். அவ்வளவுதான் நான் சொல்வது, கேட்டிருக்கலாம்.

"தோட்டத்தில் ஒரு பூச்செடி வைக்கக்கூட விடமாட்டார்கள்" என்று ஒரு அண்ணா எழுதியிருந்தார். அது பொய். ரோசா நடவும் பாத்தி கட்டவும் யாரும் அனுமதி கேட்கச் சொல்லவில்லை. வேலி, கேட், ஷெட் போன்றவைதான் விஷயம். மற்ற வீடுகளில் ஒரு அளவுக்குள் கேட்காமலே போடலாம், லிஸ்டட் வீட்டு வளவில் பிளானிங் எடுக்க வேண்டும்.

எனக்கும் அது நடந்தது. கறிவேப்பிலைச் செடி ஒவ்வொரு பனிக்கும் பட்டுப்போகிறதென்று பின்வளவில் சின்னக் கண்ணாடிக் கூடு ஒன்று போட விரும்பினேன். பிளாஸ்டிக் சட்டம் வேண்டாம், பழைய சுவரில் சாய்க்க வேண்டாம், தள்ளி வையுங்கள் என்றது கவுன்சில். எரிச்சல் வந்தது. மாதக்கணக்கில் இழுபட்டது, கடிதங்களின் ஆங்கிலமும் லேசில் விளங்கவில்லை. அப்புறம் மரச்சட்டத்தில், சுவரை விட்டுத் தள்ளி வைத்தேன். செடி தளிர்த்து நிற்கிறது. "ஒரு கறிவேப்பிலைக்குப் போய் வெள்ளைக்காரனிடம் கெஞ்சினவர்" என்று என்னைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கெஞ்சவில்லை. விண்ணப்பம் போட்டேன்.

அடுத்தது அந்தப் பெரிய வார்த்தை, இனவாதம். தமிழர் என்பதால்தான் கவுன்சில் பிடிக்கிறது என்கிறார்கள். இந்த நாட்டில் எங்களுக்கென்று தனிப்பார்வை ஒன்று இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வேலையிடத்தில் நானே அனுபவித்தவன். ஆனால் இந்த மதிலில் அது இல்லை. வோரிக்ஷயரில் இட்லிகோட் ஹவுஸ் என்று ஒரு வீடு. தோட்டத்தில், சுண்ணாம்புக்கல் பீடங்களின் மேல், 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஈயத்தில் வார்த்த இரண்டு தாழிகள் இருந்தன. குடும்பச் சொத்து. வீட்டுக்காரர் 2009இல் அவற்றை ஏலத்தில் 55,000 பவுணுக்கு விற்றார். சில வருடம் கழித்து, அந்தத் தாழிகள் 1986இலேயே தனியாக லிஸ்டில் ஏறியவை, திருப்பி வை என்று வந்து நின்றது கவுன்சில். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 மே மாதம்தான், தூக்கிக்கொண்டு போகக்கூடிய இரண்டு தாழிகளைக் கட்டடம் என்று சொல்லலாமா என்பதையே ஒழுங்காக விசாரியுங்கள் என்று தீர்ப்பு வந்தது. அவர் தமிழரா? ஹரோவில் கிரிம்ஸ் டைக் ஹோட்டல், அதுவும் லிஸ்டட். பெப்ரவரி முதல் ஒக்டோபர் வரை வருடாவருடம் புல்வெளியில் போட்ட கூடாரத்துக்கே பிளானிங் வேண்டும் என்று 2000இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அவர்கள் தமிழரா? எங்களுக்கு மட்டும் நடக்கிற அநியாயம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வளர்க்காதீர்கள்.

"அந்த வீட்டு ஐயா சக்கர நாற்காலியில் இருக்கிறார், காரை வாசல் வரை கொண்டுவர வேண்டாமா?" இந்தக் கேள்வி மட்டும் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. வேண்டும்தான். ஆனால் அதற்காக மதில் முழுவதையும் தரைமட்டமாக்க வேண்டியதில்லை. கேட்டை அகலமாக்கக் கேட்டிருந்தால், ஐயாவின் தேவையையும் மதிலின் பெறுமதியையும் கவுன்சில்காரர்கள் சேர்த்துத்தான் நிறுத்துப் பார்த்திருப்பார்கள். கிடைத்திருக்கும் என்றே நம்புகிறேன்.

ஸ்கிப்பில் கிடந்த கற்களைப் பார்த்தீர்களா? வெளிப்பக்கம் கரி அடுப்புக் காலத்துப் புகை ஏறிக் கறுத்திருக்கிறது. உடைந்த இடத்தில் மட்டும் உள்ளே மஞ்சள். சாந்து சுண்ணாம்பு, நகத்தால் சுரண்டினால் மாவாக வருகிறது. அதன் இடுக்குகளில் ஒவ்வொரு கோடையிலும் சின்ன ஊதாப் பூக்கள் தொங்கும். இதை "பழைய கல்லு" என்று எழுத எப்படி மனம் வந்தது?

யாழ்ப்பாணத்து நல்லூரில் மந்திரிமனை என்ற பழைய மாளிகை சிதைந்து கிடக்கிற படத்தைப் போட்டு "எங்கள் வரலாறு அழிகிறது" என்று அழுகிறவர்களும் இதே ஆட்கள்தான். அங்கே காப்பாற்ற ஆளில்லை என்று அழுகிறோம். இங்கே காப்பாற்ற ஒரு சட்டம் இருக்கிறது, அதைத் திட்டுகிறோம்.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்தில், வலிகாமம் வடக்கில். 1990இல் விட்டுவிட்டு ஓடினோம், பாதுகாப்பு வலயம் என்று இராணுவம் வளைத்துக்கொண்டது. காணியை விட்டபிறகு போய்ப் பார்த்தால் வீடு இல்லை, மதில் இல்லை, படலை இல்லை. அப்பப்பா வைத்த மாமரமும் இல்லை. எங்கள் வளவு எது என்று கிணற்றை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். புல்டோசரை விடுவதற்கு முன் யாரும் எங்களிடம் கேட்கவில்லை. அந்த அப்பப்பாவின் பேரனைப் பார்த்துத்தான் "வெள்ளைக்காரனின் மதிலுக்கு வக்காலத்து வாங்குகிறான்" என்று எழுதுகிறீர்கள். ஒரு மதிலை இடிக்கும் முன் கேள் என்று சொல்கிற சட்டம் எங்காவது இருந்தால் நான் அதன் பக்கம்தான் நிற்பேன். வெள்ளைக்காரனுக்காக இல்லை.

இன்னும் எழுதினால் கோபம்தான் வரும். ஸ்கிப் இன்னும் வாசலில்தான் நிற்கிறது, அதை அனுப்பிவிடாதீர்கள். சுண்ணாம்புச் சாந்து என்பதால் நிறையக் கல் உடையாமல் கழன்றிருக்கிறது, துடைத்து அடுக்கினால் அதே கல்லில் திரும்பக் கட்டலாம். சீமெந்து பூசுகிற ஆளைப் பிடிக்காதீர்கள், ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லின் முகம் உரிந்துபோகும். சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன் ஒருவரின் நம்பர் என்னிடம் இருக்கிறது. கவுன்சில் ஒஃபிசரைச் சந்திக்கப் போகும்போது கூப்பிட்டால் நானும் வருகிறேன், படிவம் நிரப்பித் தருகிறேன். இந்தப் பதிவின் கீழே திட்டுவதை விட்டுவிட்டு இன்பாக்ஸுக்கு வாருங்கள்.