டப்பாவைத் திறக்காதேயும்!

(தக்கலைப் பக்கம் ஒரு நகைப் பட்டறை. பேசுகிறவர்கள் பட்டறை ஆசாரியும், திங்கள்நகரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியும். நடுவே, டி.வி. பார்த்து அண்ணாச்சி வாங்கிய நாணயம் ஒன்று, டப்பாவோடு.)

ஆசாரி: இருநூறு ரூபாய் ஆகும்.

அண்ணாச்சி: இருநூறா? வாய் கூசவில்லையா வே? டி.வி.யில் 11,000 மதிப்பு என்று சொல்லி, இன்றைக்கு மட்டும் என்று 4,999க்குத் தந்தது இது.

ஆசாரி: சரி, பழகின ஆள். நூற்றைம்பது போதும்.

அண்ணாச்சி: ஏற்றிக் கேட்பீர் என்று பார்த்தால் இறக்கிக்கொண்டே போகிறீரே!

ஆசாரி: இறக்கினதற்குச் சண்டை போடுகிற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். வளையம் வைத்து, சங்கிலியில் கோக்கிற டாலர் ஆக்கத்தானே கொண்டுவந்தீர்? அதற்குக் கூலி சொன்னேன்.

அண்ணாச்சி: விற்க வந்திருக்கிறேன் ஓய்! நீர் எனக்கு எவ்வளவு தருவீர்?

ஆசாரி: ஓ, நான் தர வேண்டுமா? அப்படியானால் கணக்கு மாறும். ஒரு சாயா வாங்கித் தருகிறேன்.

அண்ணாச்சி: விளையாடாதேயும். மகாராஜா நாணயம், 24 காரட். சர்ட்டிபிகேட் இருக்கு.

ஆசாரி: கொண்டாரும், உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தால் தெரிந்துவிடும்.

அண்ணாச்சி: டப்பாவைத் திறக்காதேயும்! திறந்தால் மதிப்பு போய்விடும் என்று அந்தப் பிள்ளை தலைதலையாக அடித்துக்கொண்டு சொன்னாள்.

ஆசாரி: சொல்லத்தானே செய்வாள், திறந்தால் யாருடைய மதிப்பு போகும் என்று அவளுக்குத் தெரியும். சரி, திறக்கவில்லை. டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது, வாசியும்.

அண்ணாச்சி: 24 காரட்.

ஆசாரி: அதற்குக் கீழே? எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி இருக்கிறதே, கண்ணாடியைப் போட்டு வாசியும்.

அண்ணாச்சி: ...தங்க முலாம் பூசியது.

ஆசாரி: முலாம் 24 காரட்தான், அவன் பொய் சொல்லவில்லை. அந்த முலாம் பெரும்பாலும் ஒரு மைக்ரான் கூட இருக்காது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறுதான் மைக்ரான். உள்ளே இருப்பது பித்தளையோ வேறு எதுவோ, அதற்குக் காரட் கணக்கே கிடையாது.

அண்ணாச்சி: சர்ட்டிபிகேட் இருக்கு வே.

ஆசாரி: யார் கொடுத்தது?

அண்ணாச்சி: விற்றவன்தான்.

ஆசாரி: நல்லது. உம் கடைப் புளிக்கு நீரே சர்ட்டிபிகேட் எழுதி ஒட்டும், நாளை முதல் கிலோவுக்கு நூறு ரூபாய் ஏற்றி விற்கலாம்.

அண்ணாச்சி: உலகத்திலேயே ஆயிரம் பேருக்கு மட்டும்தான் வே! ஓரத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஸ்டாக் 40, 39, 38 என்று இறங்கியது, என் நெஞ்சும் கூடவே இறங்கியது. போனில் லைன் கிடைக்காமல் பதினைந்து நிமிடம் நின்றேன்.

ஆசாரி: மறுநாள்?

அண்ணாச்சி: மறுநாளும் போட்டான். 40-இல் இருந்துதான் தொடங்கினான்.

ஆசாரி: அப்போது தோன்றவில்லையா?

அண்ணாச்சி: தோன்றியதே! நல்ல வேளை, நேற்றே வாங்கிவிட்டோம் என்று தோன்றியது.

(ஆசாரி ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டார். நெருப்பு பக்கத்தில் இருக்கும்போது சிரித்தால் ஆபத்து.)

ஆசாரி: சரி, இது நாணயம் என்றால் எந்த நாணயச் சாலையில் அடித்தது? இந்தியாவில் மும்பை, கல்கத்தா, ஹைதராபாத், நொய்டா என்று நாலு இடம். ஆண்டுக்குக் கீழே அடையாளம் இருக்கும்: நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, டயமண்ட் என்றால் மும்பை, ஒன்றும் இல்லாவிட்டால் கல்கத்தா.

அண்ணாச்சி: நட்சத்திரம் இருக்கு! பாரும், நட்சத்திரம்!

ஆசாரி: சுற்றிவர இருக்கிறதே அண்ணாச்சி. இத்தனை ஹைதராபாத்தை எங்கே வைக்க? அரசாங்கம் நினைவு நாணயம் போடுவது உண்மைதான். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரம் ஆண்டுக்கு 1000 ரூபாய் நாணயமே போட்டார்கள், 35 கிராம், அதில் 80 சதவீதம் வெள்ளி. அந்த மாதிரி நாணயத்தை நாணயச் சாலையிடமே நேரடியாக வாங்கலாம். அங்கே மணியும் அடிக்காது, கடிகாரமும் ஓடாது.

அண்ணாச்சி: அங்கே சர்ட்டிபிகேட்?

ஆசாரி: அதை விடமாட்டீரே. கேளும், அமெரிக்காவிலேயே இது நடந்திருக்கிறது. இரட்டைக் கோபுரம் இடிந்த இடத்தில் கிடைத்த வெள்ளியில் செய்த டாலர் காசு, அரசாங்க நாணயம் என்று டி.வி.யில் விற்றார்கள். பார்த்தால் வெள்ளி முலாம். 2004-இல் நியூயார்க் அரசின் தலைமை வக்கீல், அட்டர்னி ஜெனரல் என்பார்கள், கோர்ட்டுக்குப் போய் விற்பனையை நிறுத்தினார்.

அண்ணாச்சி: அமெரிக்காவிலும் இதே சாமான்தான் ஓடுகிறதா? அப்போ வெளிநாட்டுத் தரம் என்று சொல்லும்!

ஆசாரி: உம்மைத் திருத்த அட்டர்னி ஜெனரல் வந்தாலும் நடக்காது.

அண்ணாச்சி: நீர் எடுக்காவிட்டால் போம். எனக்கு வேறு ஆள் இருக்கு. வாட்ஸ்அப்பில் ஒருவர், ரிசர்வ் வங்கி ஆபீஸராம், இந்த நாணயத்தையும் வைஷ்ணோ தேவி போட்ட 5 ரூபாய் காசையும் சேர்த்து எட்டு லட்சத்துக்கு எடுக்கிறேன் என்றார். முதலில் 3,500 கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஆசாரி: கட்டினீரா?

அண்ணாச்சி: இதை விற்றுத்தான் கட்டலாம் என்று...

ஆசாரி: அடப் பாவி மனுசா! ரிசர்வ் வங்கி பழைய காசு வாங்கவும் செய்யாது, விற்கவும் செய்யாது, கமிஷனும் கேட்காது. எங்கள் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று 2021 ஆகஸ்டிலேயே அவர்களே அறிக்கை விட்டாயிற்று. வைஷ்ணோ தேவி காசு சும்மா புழக்கத்துக்கு விட்ட காசு. 5 ரூபாய்க்கு 5 ரூபாய் கிடைக்கும்.

அண்ணாச்சி: அவரும் சர்ட்டிபிகேட் அனுப்பியிருக்கார் வே. சிங்க முத்திரை போட்டு.

ஆசாரி: 1915-க்குப் போன் போட்டு நுகர்வோர் புகார் சொல்லும், டி.வி.க்காரன் மேலே. நாகர்கோவிலில் நுகர்வோர் கோர்ட் இருக்கிறது.

அண்ணாச்சி: கோர்ட்டில் நின்று, பித்தளையைப் பொன் என்று வாங்கினேன் என்று சொல்லவா? மகள் வீட்டில் தெரிந்தால் என் மானம்?

ஆசாரி: அந்த மானத்தை நம்பித்தான் அவன் கடையே திறந்திருக்கிறான். ராத்திரி பதினோரு மணிக்குத் தூக்கம் வராமல் தனியாக உட்கார்ந்து டி.வி. பார்க்கிறவன் எல்லாம் வயசானவன்தான். பிள்ளைகள் துபாயில். நாள் முழுக்க யாரும் ஒரு வார்த்தை பேசாத வீட்டில், சிரித்த முகமாக ஒருத்தி "அப்பா, உங்களுக்காகத்தான்" என்று சொன்னால் 4,999 என்ன, வீட்டு ஆதாரத்தையே எடுத்துக் கொடுப்பான். வாங்கினது காசு இல்லை அண்ணாச்சி.

(கொஞ்ச நேரம் பேச்சில்லை. வெளியே மார்த்தாண்டம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.)

ஆசாரி: உம் அம்மாவின் கால்பெட்டியில் சங்கு போட்ட செம்புச் சக்கரம் ஒரு டப்பா நிறைய கிடந்ததே? திருவிதாங்கூர்க் காசு. 28 சக்கரம் ஒரு ரூபாய் என்று அவர்களே எனக்குக் கணக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். மகாராஜா நாணயம் வேண்டுமென்றால் அதுதானே மகாராஜா நாணயம்!

அண்ணாச்சி: அதா? பழைய செம்பு என்று பாத்திரக்காரனிடம் எடைக்குப் போட்டு இட்லிக் கொப்பரை வாங்கியாயிற்று.

ஆசாரி: அந்தக் கொப்பரைக்குச் சர்ட்டிபிகேட் தந்தானா?

அண்ணாச்சி: லட்சக்கணக்கில் போயிருக்குமோ?

ஆசாரி: ஐயோ, இல்லை. அந்தச் செம்புக் காசு நிறைய கிடைக்கும், பெரிய விலை கிடையாது. ஆனால் உம் அம்மா கையால் எண்ணின காசு.

அண்ணாச்சி: ம். சரி விடும். வளையமே வையும், பேத்தி போட்டுக்கொள்ளட்டும். நூற்றைம்பதுதானே சொன்னீர்?

ஆசாரி: அதேதான். இப்போது திறக்கலாமா?

அண்ணாச்சி: திறந்து தொலையும். இந்தாரும், இருநூறு.

ஆசாரி: பாக்கி ஐம்பது, பிடியும். பத்து ரூபாய்க் காசு அஞ்சு.

அண்ணாச்சி: ஐயே, இது வேண்டாம் வே, நோட்டாகத் தாரும். பத்து ரூபாய்க் காசு எங்கள் ஊரில் செல்லாது. என் கடையிலேயே நான் வாங்குவதில்லை.

ஆசாரி: செல்லாதா? 14 டிசைனில் இருக்கிறது, எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே சொல்லிவிட்டதே!

அண்ணாச்சி: சர்ட்டிபிகேட் இருக்கா?