சுருக்குவதற்கு வேண்டாம், பிரிப்பதற்கு வேண்டுமானால் சரி

சென்ற மாதம் நண்பர் ஒருவர் புதிய சுருக்கும் நிரல் ஒன்றின் சுட்டியை அனுப்பினார். "ஜிப்பைவிட நன்றாகச் சுருக்குகிறது, டெபியனுக்குப் பொதியாக்கிக் கொடுங்களேன்" என்றார். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் எளிதாக நிறுவும்படி நிரலைக் கட்டிக்கொடுப்பதுதான் பொதியாக்கம். ஒரு மாலை வேலைதானே என்று உட்கார்ந்தேன். பொதியும் உருவாகிவிட்டது. பதிப்புரிமைக் கோப்பை எழுதும்போதுதான் மாட்டிக்கொண்டேன்.

எந்தக் கோப்பு யாருடையது, எந்த உரிமத்தில் வருகிறது என்று அதில் ஒன்றுவிடாமல் எழுத வேண்டும். பார்த்துக்கொண்டே போனால், ரார் என்ற இன்னொரு சுருக்கு வடிவக் கோப்பைப் பிரிக்கும் பகுதி மட்டும் அன்ரார் என்ற நிரலிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. இதை வைத்து ராரைப் பிரிக்கலாம், ஆனால் ரார் சுருக்குமுறையைத் திரும்ப உருவாக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. இந்த ஒரு வரி போதும், கட்டற்ற நிரல்களுக்கு மட்டுமான டெபியனின் முதன்மைப் பிரிவில் இடம் கிடையாது. செவன்-ஜிப் என்ற சுருக்கும் நிரலிலும் இதனால்தான் ரார் பகுதியைக் கழற்றித் தனிப் பொதியாகக் கட்டற்றதல்லாத பிரிவில் வைத்திருக்கிறார்கள்.

சரி, நானும் கழற்றிவிடலாம். அதற்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வது? செவன்-ஜிப்பை லினக்ஸில் ஓட்டுவதற்காக வேறொருவர் மாற்றியமைத்த பி7ஜிப் 2016இல் 16.02 பதிப்போடு நின்றுபோனது. 2021இல் செவன்-ஜிப்பை எழுதிய இகோர் பாவ்லோவே லினக்ஸுக்கும் வெளியிடும்வரை அந்தப் பழையதைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம். ஜிப் கோப்பைப் பிரிக்கும் அன்ஜிப் 6.0 வந்தது 2009இல். இன்றும் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்களோடு, ஒட்டுமேல் ஒட்டாக டெபியனில் ஓடுகிறது. ஒட்டுப் போடாமலும் இருக்க முடியாது. சுருக்கிய கோப்பு என்பது முன்பின் தெரியாதவர் அனுப்புவது. உள்ளே இருக்கும் பெயரிலேயே இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் வைத்து, பிரிக்கும்போது மேல் அடைவில் போய் எழுதவைக்கலாம். அசட்டையாக எழுதிய நிரல் அப்படியே எழுதிவிடும். நண்பர் அனுப்பிய நிரலுக்கு இருப்பதோ ஒரே ஆசிரியர். ஒற்றை ஆளின் களைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2024இல் எக்ஸ்இசட் விவகாரத்தில் பார்த்தோம்: களைத்துப்போன ஆசிரியருக்கு உதவ வந்த ஒருவர் அந்தச் சுருக்கும் கருவிக்குள் கள்ளவழி ஒன்றை நுழைத்துவிட்டார்.

ஆகவே, கொஞ்சம் கூடுதலாகச் சுருக்குகிறது என்பதற்காக இன்னொரு வடிவத்தை நான் உள்ளே விடமாட்டேன். பிரிக்கும் கருவி என்றால் என் பதில் வேறு. எல்எச்ஏ என்ற பழைய சுருக்கு வடிவக் கோப்புகளை இன்று அநேகமாக யாரும் உருவாக்குவதில்லை. ஆனாலும் அவற்றைப் பிரிக்க மட்டுமே தெரிந்த லாசா என்ற கருவி டெபியனில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். யாரோ எப்போதோ கட்டிவைத்ததை அவிழ்த்தாக வேண்டுமே.

நண்பரிடமும் இதைத்தான் சொன்னேன். "இந்த வடிவத்தில் உங்களுக்கு யாராவது கோப்பு அனுப்பியிருக்கிறார்களா? பிரிக்கும் பகுதியை மட்டும் பொதியாக்கித் தருகிறேன்."

"இன்னும் இல்லை. நான்தான் எல்லோருக்கும் அனுப்பலாம் என்றிருக்கிறேன்" என்றார்.