பழைய 911-ஐ முந்துகிற குடும்ப கார்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றையும் இன்றைய குடும்ப கார் ஒன்றையும் பக்கம் பக்கமாக நிறுத்தி, எண்களை அடுக்கி, "பார்த்தீங்களா, ஹீரோ தோத்துட்டார்" என்று சிரிப்பது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது.

எண்களில் பொய் இல்லை. 1964-இல் உற்பத்திக்கு வந்த முதல் போர்ஷே 911-க்கு 2 லிட்டர் எஞ்சின், 130 குதிரைத்திறன். 100 கி.மீ. வேகத்தைத் தொட ஏறக்குறைய 9 விநாடி. பிள்ளைகளையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போவதற்கென்றே செய்த டொயோட்டா ராவ்4 ஹைபிரிட்டின் 2019 மாடல் அதை 8 விநாடிச் சொச்சத்தில் தொடும். அதுவும் அரை டன்னுக்குமேல் கூடுதல் எடையோடு.

சரி, தோற்றது. ஆனால் பிக்கப்பை மட்டும் வைத்து ஸ்போர்ட்ஸ் காரை எடை போடுவது சோம்பேறித்தனம்.

911-இன் டேஷ்போர்டில் ஐந்து வட்ட மீட்டர்கள். நடுவில் பெரிதாக உட்கார்ந்திருப்பது ஸ்பீடோமீட்டர் இல்லை, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் மீட்டர். முழுச் சக்தி 6,100 சுற்றில்தான் வரும். சரியான கியர் போட்டு எஞ்சினை அங்கே கொண்டுபோவது ஓட்டுபவர் பொறுப்பு. ராவ்4-இல் சிக்கனமா, சக்தியா, சார்ஜா என்று காட்டும் முள் இருக்கிறது. மின்மோட்டாரும் பெட்ரோல் எஞ்சினும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளும், நம்மிடம் கேட்காது.

இன்னொன்று டயர். 911-க்கு 165 மி.மீ. அகலம், ராவ்4-க்கு 225. ஒல்லி டயரின் பிடிமானம் சீக்கிரமே எல்லைக்கு வந்துவிடும். அதனால் சாதாரண வேகத்திலேயே, ஒரு வளைவிலேயே, கார் என்ன செய்கிறது என்பது கைக்குத் தெரியும். பவர் ஸ்டீயரிங் வேறு கிடையாது, சாலையின் சொரசொரப்பு நேராக உள்ளங்கைக்கு வரும். குடும்ப காரில் அந்தக் கிளர்ச்சி வேண்டுமென்றால், யாருக்கும் நல்லதில்லாத வேகத்துக்குத்தான் போக வேண்டும்.

இதற்காகப் பழைய காரைக் கோயில் கட்டிக் கும்பிட மாட்டேன். எஞ்சின் பின்னால் தொங்குகிற கார் அது. வளைவின் நடுவே பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் எடை முன்னால் பாயும், பின் டயர்கள் பிடியை விடும், வால் சுழலும். ஒரு காலத்தில் முன் பம்பரின் இரு மூலைகளிலும் 11 கிலோ இரும்புக் கட்டியை ஒளித்து வைத்துச் சமாளித்தார்கள். பிறகு 1969 மாடலில் பின் சக்கரங்களையே 57 மி.மீ. பின்னுக்குத் தள்ளினார்கள். பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் கிடையாது, ஏர்பேக் கிடையாது. பக்தர்கள் இதைக் 'கேரக்டர்' என்பார்கள். பள்ளத்தில் இறங்குவதற்கு அப்படியொரு பெயர் வைக்க எனக்கு மனசு வரவில்லை. பின் சீட்டில் பிள்ளைகள் இருந்தால் ராவ்4 தான், யோசிக்கவே தேவையில்லை.

என் எரிச்சலெல்லாம் குடும்ப கார்களில் வைக்கிற அந்த 'ஸ்போர்ட்' பட்டன்மீதுதான். அழுத்தினால் ஆக்சிலரேட்டர் கொஞ்சம் துள்ளும், ஸ்டீயரிங் கொஞ்சம் கனக்கும். கனம் கூடுமே தவிர, சாலையைப் பற்றி ஒரு தகவலும் கூடுதலாக வராது. அந்தக் காசுக்கு இன்னொரு கப் ஹோல்டர் வைத்திருந்தால் வீட்டில் நாலு பேருக்குப் பயன்பட்டிருக்கும்.