ஸ்பீக்கர் என்ன குலதெய்வப் படமா, உச்சியில் மாட்ட?

கடலூரில் எந்த வீட்டு ஹோம் தியேட்டரைப் பார்த்தாலும் ஒரே காட்சிதான். ஸ்பீக்கர் எல்லாம் சீலிங்குக்கு அரையடி கீழே, மூலைக்கு ஒன்றாகத் தொங்கும். காசு கொட்டி வாங்கிய மனிதர் சோபாவில் உட்கார்ந்துகொண்டு, "டயலாக்கே கேக்க மாட்டேங்குது, சண்டை வந்தா மட்டும் காது கிழியுது" என்று ரிமோட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். எப்படி ஐயா கேட்கும்? உங்கள் காது என்ன சீலிங்கிலா இருக்கிறது?

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கும் கடையிலிருந்து மாட்டிக்கொடுக்க ஒரு தம்பி வந்தார். டிரில்லிங் மிஷினைத் தூக்கிக்கொண்டு நாலு சுவரையும் அண்ணாந்து பார்த்தார். "சார், நீங்க எங்க உட்காருவீங்க?" என்று கேட்கவே இல்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதானே! நானாக வாயைத் திறந்தால், "மேல மாட்டினாதான் சார் லுக்கு. அட்மாஸ் எஃபெக்டும் வரும்" என்கிறார்.

அட்மாஸாம்! தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரவைக்கும் முறை அது. அந்தப் பெயரைச் சொன்னால் வாயடைத்துப் போய்விடுவோம் என்று நினைப்பு. 5.1.2 என்று அட்மாஸ் செட்டே வாங்கினாலும், முதல் 5 ஸ்பீக்கரும் காது மட்டத்தை ஒட்டித்தான் இருக்க வேண்டும். கடைசியில் இருக்கும் அந்த 2 மட்டும்தான் தலைக்கு மேலே. எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிட்டால், ஹெலிகாப்டர் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமே கதாநாயகன் அம்மாவும் அழுவாள்.

இதில் ராக்கெட் விடும் கணக்கு எதுவும் கிடையாது. உட்கார்ந்த நிலையில் காது தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றரை அடி உயரத்தில் இருக்கும். முன்பக்க ஸ்பீக்கர் இரண்டிலும் உள்ள ட்வீட்டர், அதாவது அந்தச் சின்ன வட்டம், அந்த உயரத்துக்கு வரட்டும். உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் டிவியின் நடுவுக்கு இடப்புறமும் வலப்புறமும் 22 முதல் 30 டிகிரி. சரவுண்ட், அதாவது சுற்றுப்புறச் சத்தம் தரும் ஸ்பீக்கர் இரண்டும் பக்கவாட்டில், காதைத் தாண்டிக் கொஞ்சம் பின்னால், 110 முதல் 120 டிகிரிக்குள். அதை மட்டும் காதைவிடச் சற்று உயர்த்திக்கொள்ளலாம். அவ்வளவுதான். ஒரு டேப்பும் பென்சிலும் இருந்தால் போதும்.

சென்டர் ஸ்பீக்கர் கதை இன்னும் கொடுமை. படத்தில் பேசுகிற பேச்சு பெரும்பாலும் அதில்தான் வரும். அதைக் கொண்டுபோய் ஷோகேஸுக்குள், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், தஞ்சாவூர் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "செட்டாயிடுச்சு சார்" என்றால் ரத்தம் கொதிக்காதா? வயரையும் ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு கறுப்பு மாற்றி மாட்டியிருந்தார். அப்படி மாட்டினால் ஒரு பக்கத்துக் கோன், அதாவது ஸ்பீக்கரில் அதிரும் அந்தக் கூம்பு, முன்னே வரும்போது மறுபக்கத்தது பின்னே போகும். பேஸ் என்கிற அடித்தொனி வற்றிப்போகும், பாடுகிறவர் குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது. (கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: உப்புக்காற்றில் செப்புக் கம்பியின் நுனி பச்சை பூத்துவிடும். அவ்வப்போது வெட்டிப் புதிதாகச் சீவி மாட்டுங்கள்.)

கடைக்காரர் போனதும் வீட்டார் ஆரம்பித்தார்கள். சப்வூஃபரை, அதாவது பேஸ் மட்டும் தரும் பெட்டியை (5.1.2-இல் நடுவில் உள்ள 1 அதுதான்), மூலையில் தள்ளினால் பேஸ் சுவரில் மோதி வீங்கிக் குழம்பும். எங்கள் ஹால் 10 அடி அகலம். அந்த அகலத்துக்கு 56 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு முழக்கம் தானாகவே எழும். அந்த ஒரு சுருதி மட்டும் அடுத்த தெரு வரை அதிரும். இதற்கு நல்ல வழி, சப்வூஃபரையே சோபாமேல் தூக்கி வைத்து ஒரு பாட்டை ஓடவிட்டு, நாம் தரையில் தவழ்ந்து எங்கே பேஸ் சீராகக் கேட்கிறதோ அங்கே அதை இறக்கிவைப்பது. அப்படித் தவழ்ந்துகொண்டிருந்தபோது மாமியார் வந்து நின்றார். "மாப்பிள்ளைக்கு என்ன ஆச்சு?" என்று மகளைத்தான் கேட்டார், என்னை இல்லை. கண்டுபிடித்த இடம், சுவர் நீளத்தில் கால்வாசி தள்ளி. மறுநாள் காலையில் அது மூலைக்குப் போயிருந்தது, தலையில் பூச்சாடியோடு. "வழியில இருக்குதுங்க மாப்பிள்ளை, கோலம் போட வர்றவ இடிச்சுக்குவா." மாமியாரிடம் ஹெர்ட்ஸ் பேச முடியுமா?

எல்லாவற்றுக்கும் வேர் வீடு கட்டும்போதே இருக்கிறது. ஏசிக்கு பாயின்ட், இன்வெர்ட்டருக்கு பாயின்ட், வாசல் சீரியல் செட்டுக்குக்கூட பாயின்ட் வைக்கிறார்கள். பின்சுவருக்கு ஒரு முக்கால் இன்ச் பைப் போட ஒருவருக்கும் தோன்றுவதில்லை. அப்புறம் சரவுண்ட் வயர் தரையில் ஓடும், துடைப்பத்தில் மாட்டும், யாராவது அதைப் பிடுங்கிப் போடுவார்கள், கடைசியில் சரவுண்டும் டிவி பக்கத்திலேயே குடியேறும். ஐந்தும் ஒரே சுவரில்! அதற்கு ஒரு ரேடியோ போதாதா?

மச்சான் இப்போது செம்மண்டலத்தில் வீடு கட்டுகிறார். ஹால் சுவரில் வயர் பைப்புக்குக் காடி வெட்டும் அன்றே நேரில் போய், சோபா வரும் இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டி, பின்பக்கத்துக்குப் பைப் இழுக்கச் சொன்னேன். எலக்ட்ரீஷியன் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அங்க எதுக்கு சார்? டிவி முன்னாடிதானே இருக்கு?"