பொழுதுபோகாமல் தெருவில் உட்காரவில்லை

கல்லூரி ஊழலை எதிர்த்து உட்காரும் மாணவர்களை "படிக்க வந்தீங்களா, அரசியல் பண்ண வந்தீங்களா" என்று கேட்கிறது ஒரு கட்டுரை. சரி, சிதம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிதி முறைகேட்டுப் புகார்கள், நிர்வாகச் சீர்கேடு என்று சொல்லித்தான் 2013-ல் அரசு தன் கைக்குள் கொண்டு வந்தது. கணக்கைக் குழப்பியது யாரோ, ஆனால் அரசு கைக்கு வந்த பிறகும் அந்தப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் எம்பிபிஎஸ் மாணவர் கட்டியது வருஷத்துக்கு 5.44 லட்சம், அதே நேரம் மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் வெறும் 13,610 ரூபாய்! மனு கொடுத்தாயிற்று, 2017-லும் போராடியாயிற்று, ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம்தான் 2020 டிசம்பரில் மறுபடி உட்கார்ந்தார்கள், ஐம்பது நாளுக்கு மேல், ஒரு கல்லைக்கூட எடுக்காமல். நிர்வாகம் பேசித் தீர்க்காமல் காலவரையற்ற விடுமுறை அறிவித்து விடுதியைக் காலி செய்யச் சொன்னது (கொரோனா காலத்தில், ஜனவரிக் குளிரில்). பிள்ளைகள் அசையவில்லை. கடைசியில் கல்லூரி சுகாதாரத் துறைக்குப் போனது, 2021 பிப்ரவரியில் கட்டணமும் இறங்கியது.

அன்று "வாயை மூடிக்கிட்டுப் படி" என்ற பேச்சை அந்த மாணவர்களும் கேட்டிருந்தால் அடுத்த பேட்ச்சும் அந்த லட்சங்களைத்தான் கட்டியிருக்கும். ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடும் உரிமை அரசியல் சட்டம் 19-வது பிரிவில் இருக்கிறது, கல்லூரி கேட்டோடு அது நின்றுவிடாது. அட்மிஷன் படிவத்தோடு "போராட்டத்தில் கலந்துகொள்ள மாட்டேன்" என்று எழுதி வாங்கும் கல்லூரிகளைப் பற்றியும் கட்டுரையாளர் ஒரு வரி எழுதியிருக்கலாமே?